முதலில் ஒரு ‘போன்ஜூர்’

“பிரெஞ்சுக்காரர்கள் திமிர் பிடித்தவர்கள். ஆங்கிலம் தெரிந்தாலும் தெரியாததுபோல் நடிப்பார்கள்.”

இக்கருத்தை நம்மில் பலர் கேட்டிருப்போம். சிலர் சொல்லியும் இருப்போம். நானும் சொல்லியிருக்கிறேன். வேடிக்கை என்னவென்றால், அப்படிச் சொல்லித் திரிந்த காலத்தில் நான் ஒரு பிரெஞ்சுக்காரரைக்கூட நேரில் பார்த்ததில்லை. பார்க்காத மனிதரைப் பற்றி இவ்வளவு உறுதியான கருத்து எனக்கு எங்கிருந்து வந்தது? விடை எளிது. ஆங்கிலத்திலிருந்து வந்தது. ஆங்கிலத்தைக் கற்றபோது, ஆங்கிலேயர் தம் அண்டை வீட்டாரைப் பற்றி வைத்திருந்த எண்ணங்களையும் இலவச இணைப்பாக நான் பெற்றுக்கொண்டேன்.

அந்த இலவச இணைப்பை நான் எப்படிப் பெற்றேன், எங்கே திருப்பிக் கொடுத்தேன் என்பதே இக்கட்டுரை.

ஒரே வகுப்பறை

சிறு வயதில், என் மாமா வாடகைக்கு எடுத்து வரும் வீடியோ கசெட்டுகளில் ‘மைண்ட் யுவர் லேங்குவேஜ்’ என்ற பிரிட்டிஷ் நகைச்சுவைத் தொடரும் இருக்கும். 1977 ஆம் ஆண்டு தொடங்கிய தொடர் அது. இலண்டனில் ஒரு மாலை நேர வகுப்பு. பல நாட்டவர் ஆங்கிலம் கற்க வருகிறார்கள். இத்தாலியர் சத்தம் போடுவார். ஜப்பானியர் குனிந்து வணங்குவார். பிரெஞ்சுப் பெண் ஆண்களை மயக்கப் பார்ப்பார். சீக்கியர் கைகூப்பி மன்னிப்புக் கேட்பார். சேலை கட்டிய இந்தியப் பெண்மணி, ஒன்றும் புரியாமல் கம்பளி பின்னிக்கொண்டிருப்பார்.

குடும்பத்தோடு அமர்ந்து வயிறு வலிக்கச் சிரித்தோம். பிரெஞ்சுப் பெண்ணைப் பார்த்துச் சிரித்தோம். இந்தியப் பெண்மணியைப் பார்த்தும் சிரித்தோம். எங்களில் யாருக்கும் அப்போது ஒன்று தோன்றவில்லை. பிரெஞ்சுக்காரரைக் கேலியாக வரைந்த அதே தூரிகைதான் நம்மையும் வரைந்திருந்தது. அந்த வகுப்பறையில் நாமும் ஒரு நாற்காலியில்தான் அமர்ந்திருந்தோம். ஆனால் நாமோ ஆசிரியரின் பக்கம் நின்று சிரிப்பதாக எண்ணிக்கொண்டோம்.

பாரிஸ் ரொட்டிக்கடை

2010 இல் ஒரு பருவம் இங்கிலாந்தில் படிக்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. வீட்டில் என்னுடன் இரண்டு ஆங்கிலேய மாணவர்கள் தங்கியிருந்தனர். நல்ல பிள்ளைகள். எனக்குக் காய்ச்சல் கண்டபோது சூப் வைத்துக் கொடுத்தவர்கள். ஆனால் பிரான்சு என்ற சொல்லைக் கேட்டால் போதும், கேலி தானாக வந்துவிடும். தவளை தின்பவர்கள், சோம்பேறிகள், எதற்கெடுத்தாலும் வேலைநிறுத்தம் செய்பவர்கள், நம்மைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்பவர்கள் என்று பட்டியல் நீளும். அதில் வெறுப்பு இருந்ததாக நான் நினைக்கவில்லை. மழையைப் பற்றிப் பேசுவதுபோல் அதுவும் ஒரு பழக்கம்.

விடுமுறையில் மூவரும் யூரோஸ்டார் இரயில் ஏறினோம். இலண்டனிலிருந்து பாரிசுக்கு இரண்டேகால் மணி நேரப் பயணம். காலைப் பசியோடு ஒரு ரொட்டிக்கடைக்குள் நுழைந்தோம். நான்தான் முன்னால் சென்றேன். கண்ணாடிப் பேழையைச் சுட்டிக் காட்டி, ஆங்கிலத்தில் “மூன்று குரோசான் கொடுங்கள்” என்றேன். ‘தயவுசெய்து’ என்ற சொல்லையும் மறக்காமல் சேர்த்துக்கொண்டேன்.

கடைக்காரப் பெண்மணி என்னைப் பார்த்து, “போன்ஜூர்” என்றார்.

காது கேட்கவில்லை போலும் என்று நினைத்து, அதையே இன்னும் உரக்கச் சொன்னேன். அவர் மீண்டும், சற்று அழுத்தமாக, “போன்ஜூர்” என்றார். பிறகு குரோசான்களைப் பையில் போட்டுக் கொடுத்தார். முகத்தில் சிரிப்பில்லை. வெளியே வந்ததும் தோழன் ஒருவன் என் தோளைத் தட்டி, “பார்த்தாயா, நாங்கள் சொன்னோமில்லையா?” என்றான். நானும் தலையாட்டினேன். பல ஆண்டுகளாகச் சுமந்து வந்த கருத்துக்குச் சான்று கிடைத்துவிட்டதல்லவா?

யூரோஸ்டார் வந்து நிற்கும் கார் து நோர் நிலையத்திலிருந்து சிறிது தூரம் நடந்தால் லா ஷப்பேல் பகுதி. இலங்கைத் தமிழர் கடைகள் நிறைந்த இடம். அன்று மாலை, தோழர்களை விட்டுவிட்டு நான் மட்டும் அங்கே போனேன். ஒரு மளிகைக் கடையில் இருந்த அக்காவிடம், “ஏன் அக்கா இந்த ஊர்க்காரர்கள் இப்படி இருக்கிறார்கள்?” என்று காலை நடந்ததைச் சொல்லிக் குறைபட்டேன். அவர் சிரித்துவிட்டார்.

“தம்பி, நீங்கள் கடைக்குள்ளை போனதும் ‘போன்ஜூர்’ சொன்னனீங்களோ?”

“இல்லை அக்கா.”

“அப்ப பிழை உங்களிலைதான். முதல் அதைச் சொல்ல வேணும். சொல்லாமல் சாமானைக் கேட்டால், தங்களை ஆளாய் மதிக்கேல்லை எண்டுதான் அவையள் நினைப்பினம். வந்த புதுசிலை எனக்கும் விளங்கேல்லை. உங்கடை வீட்டுக்குள்ளை ஒருத்தர் வந்து, ஒண்டும் பேசாமல் ‘தண்ணி தாங்கோ’ எண்டு கேட்டால் எப்பிடி இருக்கும்?”

அந்தக் கடைசிக் கேள்வி என்னைச் சுட்டது. ரொட்டிக்கடைப் பெண்மணி என்னிடம் முகத்தைக் காட்டவில்லை. எனக்கு இரண்டு முறை வாய்ப்புக் கொடுத்திருக்கிறார். இரண்டு முறையும் நான் உரக்கக் கத்தியிருக்கிறேன்.

இரண்டு மரியாதைகள்

ஆங்கிலேயரின் மரியாதை ‘தயவுசெய்து’, ‘நன்றி’, ‘மன்னிக்கவும்’ ஆகிய சொற்களில் இருக்கிறது. காலை மிதித்தவனிடம்கூட மிதிபட்டவன் மன்னிப்புக் கேட்கும் நாடு அது. பிரெஞ்சுக்காரரின் மரியாதையோ முதல் சொல்லில் இருக்கிறது. கடை என்பது கடைக்காரரின் இடம். உள்ளே வருபவர் விருந்தாளி. வந்தவர் முதலில் வணக்கம் சொல்ல வேண்டும். பெண்மணியாயின் ‘மதாம்’, ஆணாயின் ‘முசியே’ என்று சேர்த்துச் சொல்வது இன்னும் சிறப்பு. போகும்போதும் விடைபெற்றுக்கொள்ள வேண்டும். பேருந்து ஓட்டுநருக்கும் இது பொருந்தும். மருத்துவர் அறைக்கு வெளியே காத்திருப்போருக்கும் பொருந்தும்.

ஆகவே, வணக்கம் சொல்லாமல் பத்து முறை ‘தயவுசெய்து’ சொல்லும் ஆங்கிலேயர், தாம் மிகப் பணிவாக நடந்துகொண்டதாக நினைக்கிறார். எதிரே இருப்பவரோ, தம்மை ஓர் இயந்திரமாக நடத்திவிட்டதாக நினைக்கிறார். இருவருமே காயப்பட்டு வீடு திரும்புகின்றனர். இருவருமே மற்றவர் பண்பில்லாதவர் என்று நண்பர்களிடம் சொல்கின்றனர்.

2013 இல் பிரான்சின் நீஸ் நகரிலுள்ள ஒரு காப்பிக்கடையின் விலைப்பலகை உலகச் செய்தியானது. ‘ஒரு காப்பி’ என்று மொட்டையாகக் கேட்டால் 7 யூரோ. ‘தயவுசெய்து ஒரு காப்பி’ என்றால் 4.25 யூரோ. ‘வணக்கம், தயவுசெய்து ஒரு காப்பி’ என்றால் 1.40 யூரோ. விளையாட்டாக எழுதியதுதான். எனினும் பிரெஞ்சுக்காரர் கணக்கில் ஒரு வணக்கத்தின் மதிப்பு என்ன என்பதை எந்தப் பாடநூலைவிடவும் அது தெளிவாகச் சொல்லிவிட்டது.

தமிழர்களாகிய நமக்கு இது புரியாத செய்தியன்று. பிரெஞ்சில் ‘து’, ‘வூ’ என்று இரண்டு முன்னிலைச் சொற்கள் உள்ளன. நம் ‘நீ’, ‘நீங்கள்’ போன்றவையே அவை. முன்பின் தெரியாத பெரியவரை ‘நீ’ என்றால் என்ன நடக்கும் என்பதை நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆங்கிலத்திலும் ஒரு காலத்தில் இரு சொற்கள் இருந்தன. அன்றாடப் பேச்சில் ஒன்று வழக்கொழிந்துவிட்டது. ஒரே சொல்லால் அரசரையும் நாயையும் அழைக்கப் பழகிய ஒருவருக்கு, பிரெஞ்சுக்காரரின் தயக்கம் செருக்காகத் தெரிவதில் வியப்பில்லை. ஆனால் நமக்கும் அப்படித் தெரிந்ததே, அதுதான் வியப்பு.

கேலியின் வேர்

இந்தக் கேலி நேற்று முளைத்ததன்று. 1066 இல் நார்மண்டியின் வில்லியம் இங்கிலாந்தை வென்றார். அதன்பின் ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் அரசவையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு மொழி கோலோச்சியது. ஆங்கிலம் உழுபவனின் மொழியாக இருந்தது. இதன் தடத்தை இன்றும் ஆங்கிலேயரின் சாப்பாட்டு மேசையில் காணலாம். கொட்டிலில் நிற்கும்போது மாட்டுக்கும் ஆட்டுக்கும் பன்றிக்கும் பழைய ஆங்கிலப் பெயர். தட்டுக்கு வந்துவிட்டால் ‘பீஃப்’, ‘மட்டன்’, ‘போர்க்’ என்று பிரெஞ்சு வழிப் பெயர். வளர்த்தவன் ஒரு மொழிக்காரன். தின்றவன் இன்னொரு மொழிக்காரன். 1362 இல்தான் நீதிமன்ற வாதங்கள் ஆங்கிலத்தில் நடைபெற வேண்டும் என்று சட்டம் வந்தது. அந்தச் சட்டமே பிரெஞ்சு மொழியில்தான் எழுதப்பட்டது!

பிறகு நூறாண்டுப் போர், நெப்போலியன் போர்கள் என்று பகை தொடர்ந்தது. 1748 இல் ஓவியர் ஹோகார்த் பிரான்சின் கலே துறைமுகத்துக்குச் சென்றார். கோட்டை வாயிலை வரைந்துகொண்டிருந்தவரை ஒற்றர் என்று பிடித்துத் திருப்பி அனுப்பினர். ஊர் திரும்பியவர் வரைந்த ஓவியம் இன்றும் இலண்டன் டேட் காட்சிக்கூடத்தில் உள்ளது. அதில் பிரெஞ்சுச் சிப்பாய்கள் எலும்பும் தோலுமாகத் தண்ணீர்க் கஞ்சி குடிக்கின்றனர். ஆங்கிலேயர் விடுதிக்குப் போகும் கொழுத்த மாட்டிறைச்சியை ஒரு தொந்திப் பாதிரியார் ஆசையோடு தடவிப் பார்க்கிறார். ஒருவரின் சொந்தக் கோபம் ஒரு நாட்டின் பொதுக் கருத்தாக மாறுவது இப்படித்தான்.

மொழிக்குள்ளும் இந்தப் போர் நடந்தது. சொல்லாமல் கொள்ளாமல் நழுவிச் செல்வதை ஆங்கிலேயர் ‘பிரெஞ்சு விடுப்பு’ என்பர். அதையே பிரெஞ்சுக்காரர் ‘ஆங்கிலேயர் பாணியில் நழுவுதல்’ என்பர். ஆங்கிலேயர் அவர்களைத் ‘தவளைகள்’ என்றால், அவர்கள் இவர்களை ‘ரோஸ்பிஃப்’, அதாவது வாட்டிய மாட்டிறைச்சி என்பார்கள். இரயில் நிலையத்தைக்கூட விடவில்லை. 1994 முதல் 2007 வரை, பாரிசிலிருந்து இலண்டன் வந்த யூரோஸ்டார் பயணிகள் இறங்கிய நிலையத்தின் பெயர் வாட்டர்லூ. நெப்போலியன் 1815 இல் தோற்ற இடத்தின் பெயர் அது.

இவ்வளவு கேலிக்கும் நடுவில் ஓர் உண்மை ஒளிந்திருக்கிறது. பிரிட்டிஷ் கடப்பிதழின் அட்டையிலுள்ள அரச சின்னத்தைப் பாருங்கள். அதில் பொறித்திருக்கும் இரண்டு வாசகங்களும் பிரெஞ்சு. நாடாளுமன்றத்தில் ஒரு மசோதாவுக்கு அரசர் ஒப்புதல் தரும்போது அறிவிக்கப்படும் வாசகமும் இன்றுவரை பிரெஞ்சுதான். தன் மிக உயர்ந்த இடங்களில் எந்த மொழியை வைத்திருக்கிறானோ, அந்த மொழி பேசுபவனைத்தான் ஆங்கிலேயன் கேலி செய்கிறான். ஒரு காலத்தில் தன்னை ஆண்ட மொழி மீது கொண்ட மதிப்பும் மனக்குறையும் சேர்ந்த கலவை அது. ஆங்கிலத்தோடு நமக்குள்ள உறவை எண்ணிப் பார்த்தால், இந்தக் கலவை நமக்கும் அறிமுகமானதே.

பிடிவாதமா, பாதுகாப்பா?

1919 இல் கையெழுத்தான வெர்சேல்ஸ் உடன்படிக்கை பிரெஞ்சு, ஆங்கிலம் ஆகிய இரு மொழிகளிலும் எழுதப்பட்டது. அதுவரை அரசுகளுக்கிடையிலான மொழி என்ற சிறப்பு பெரும்பாலும் பிரெஞ்சுக்கே இருந்தது. பிறகு அந்த இடம் மெல்ல மெல்லக் கைநழுவியது. 1994 இல் பிரான்சு, விளம்பரங்களிலும் பணியிடங்களிலும் பிரெஞ்சைக் கட்டாயமாக்கும் தூபோன் சட்டத்தைக் கொண்டு வந்தது. 2006 மார்ச்சில் பிரசல்ஸ் உச்சநிலை மாநாட்டில், ஒரு பிரெஞ்சுத் தொழிலதிபர் ஆங்கிலத்தில் உரையாற்றத் தொடங்கியதும் அதிபர் ஷிராக் எழுந்து வெளியேறினார். ஆங்கிலேயருக்கு இவை நகைப்புக்குரிய செய்திகள். தமிழ்க் கழகத்தில் செயலவை உறுப்பினராக இருந்துகொண்டு நானும் சேர்ந்து நகைத்ததுதான் பெருங்கொடுமை. நம் நிகழ்ச்சிகளில் ஒருவர் ஆங்கிலத்தில் பேசத் தொடங்கினால் நமக்குள் எழும் அதே வலிதானே அவருக்கும் எழுந்திருக்கும்?

மறுபுறம், ஆங்கிலேயரின் நிலை என்ன? இங்கிலாந்தில் 14 வயதுக்கு மேற்பட்ட மாணவர்களுக்கு அயல்மொழிப் பாடம் கட்டாயம் என்ற விதி 2004 இல் நீக்கப்பட்டது. அதன்பின் பிரெஞ்சு படிப்போர் எண்ணிக்கை பாதிக்கும் கீழே சரிந்தது. 2012 இல் வெளிவந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் கருத்தாய்வில், பிரிட்டனில் 61 விழுக்காட்டினர் தாய்மொழி தவிர வேறு மொழியில் உரையாட இயலாது என்றனர்.

ஆனால் இங்கே நாம் நிதானிக்க வேண்டும். அதே ஆய்வில் இத்தாலி 62 விழுக்காடு, ஹங்கேரி 65 விழுக்காடு. ‘ஆங்கிலேயரே மொழிச் சோம்பேறிகள்’ என்று நாம் முழங்கினால், ஒரு முத்திரையைக் கழற்றி இன்னொரு முத்திரையைக் குத்தியவர்கள் ஆவோம். 1998 இல் பிரதமர் டோனி பிளேர் பிரெஞ்சு நாடாளுமன்றத்தில் பிரெஞ்சிலேயே உரையாற்றினார். ‘அலோ அலோ’ என்ற தொடரில், பிரெஞ்சுப் போலீசாக நடிக்கும் ஆங்கிலேயர் ஒருவர் உயிரெழுத்துகளைக் கொலை செய்து பேசுவார். ஆங்கிலேயர் தம் பிரெஞ்சுப் புலமையைத் தாமே பழித்துக்கொண்ட நகைச்சுவை அது. தன்னைப் பார்த்துச் சிரிக்கத் தெரிந்தவன் திருந்தக்கூடியவன்.

பிரெஞ்சுக்காரரும் புனிதர்கள் அல்லர். பாரிசில் உண்மையிலேயே முகத்தைக் காட்டும் பணியாளர்கள் உண்டு. நானே ஒருவரிடம் அகப்பட்டேன். அதைவிடப் பெரிய குறை ஒன்றுண்டு. தம் மொழியை ஆங்கிலத்திடமிருந்து காக்கத் துடித்த அந்நாடு, பிரெத்தோன், ஒக்சித்தான் முதலிய தன் சொந்த வட்டார மொழிகளை நீண்ட காலம் நசுக்கியது. பள்ளியில் பிரெத்தோன் பேசிய பிள்ளையின் கழுத்தில் ஓர் அடையாளப் பொருளை மாட்டி அவமானப்படுத்திய வழக்கம் அங்கே இருந்தது. அடுத்துப் பேசி அகப்படும் பிள்ளைக்கு அது கைமாறும். வட்டார மொழிகளும் பிரான்சின் மரபுச் செல்வமே என்று அரசமைப்புச் சட்டத்தில் எழுத 2008 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தன் மொழிக்கு மரியாதை கேட்பவர், தம்மைவிடச் சிறிய மொழிக்கு மரியாதை தருகிறாரா என்பதே உண்மையான சோதனை. இச்சோதனை நமக்கும் உண்டு.

நம் பக்கம்

இனி நம்மைப் பற்றிப் பேசலாம். நண்பர்களே, நாம் பேங்காக் போய் வந்து, “அங்கே ஒருவருக்கும் ஆங்கிலம் தெரியவில்லை” என்று குறைபட்டதில்லையா? சென்னையில் ஆட்டோக்காரரிடம் ஆங்கிலத்தில் பேரம் பேசிவிட்டு, அவர் முறைத்ததாகச் சொன்னதில்லையா? பிரிக்பீல்ட்சில் கடைக்கார அண்ணன் “வாங்க” என்றதும், தலை நிமிராமல் ஆங்கிலத்தில் விலை கேட்டதில்லையா? பாரிசில் உரக்கக் கத்திய அந்த ஆள் நம் எல்லாருக்குள்ளும் இருக்கிறான்.

என் பாட்டி தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. ஆனால் சீனர் கடைக்குப் போனால், “தவுக்கே, சாப்பிட்டாச்சா?” என்று பாசார் மலாயில் கேட்ட பிறகுதான் அரிசி கேட்பார். மலாய்க்கார அண்டை வீட்டாரிடம் அவர்கள் முறைப்படி நலம் விசாரித்துவிட்டுத்தான் முருங்கைக் கீரை கொடுப்பார். அவருடைய மலாயில் இலக்கணம் இருந்திருக்காது. பட்டம் பெற்ற எனக்கு இலக்கணம் தெரிந்திருந்தது. அவருக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாமல் போயிற்று.

ஒரு நாட்டுக்குப் போகுமுன் அந்நாட்டு மொழியை முழுமையாகக் கற்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அது இயலாத செயல். ஐந்து சொற்கள் போதும்: வணக்கம், தயவுசெய்து, நன்றி, மன்னிக்கவும், போய் வருகிறேன். ஆறாவதாக ஒரு வாக்கியத்தையும் சேர்த்துக்கொள்ளலாம்: “உங்களுக்கு ஆங்கிலம் தெரியுமா?” அதை ஆங்கிலத்தில் கேட்பது கட்டளை, அவர் மொழியில் கேட்பது வேண்டுகோள். இரண்டுக்கும் கிடைக்கும் விடை வேறு.

மறுநாள் காலை நான் தனியாக அதே ரொட்டிக்கடைக்குப் போனேன். வழி நெடுக மனத்துக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். கதவைத் திறந்ததும், “போன்ஜூர், மதாம்” என்றேன். உச்சரிப்பு எப்படி இருந்ததோ தெரியவில்லை. அந்தப் பெண்மணி நிமிர்ந்து பார்த்தார். என்னை அடையாளம் கண்டிருக்க வேண்டும். “போன்ஜூர், முசியே” என்று சிரித்தார். பிறகு நல்ல ஆங்கிலத்தில் கேட்டார்:

“இன்றைக்கும் மூன்றுதானா?”